மனசைப் பிசையுற நாவலை எப்படிப் படிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்க ஒம்போது பேர், மாசத்துல ஒரு ஞாயிறு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு வீட்டுல கூடி நாவல் படிக்கிறோம். இந்த வருஷம் எடுத்தது சயாம் ரயில் பாதையைப் பத்தின ஒரு தமிழ் நாவல், அதாவது ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரன் நம்ம ஆளுங்களைக் கொண்டு போயி சயாம்ல, இன்னிக்குத் தாய்லாந்து, போட வச்ச பாதை. ரொம்ப அருமையா எழுதின நாவல், ஆனா எங்கள்ல நாலு பேரு ஏதாவது ஒரு எடத்துல இதுக்கு மேல முடியாதுன்னு மூடி வச்சிட்டாங்க, அதுல நானும் ஒருத்தி. கூட்டத்துல திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை எல்லாம் எழுதி வச்சிருந்தேன், புதுசா வர்றவங்களுக்கு உதவும்னு பதிலோட இங்க போடறேன். நான் டாக்டர் இல்ல, பல வருஷமா நாவல் படிக்கிற ஒருத்தி, அவ்வளவுதான்.

நாவலோட பேரு என்ன?

வேணும்னேதான் போடல. பேரைப் போட்டா இது அந்த ஒரு புத்தகத்தோட விமர்சனம் ஆயிடும், ஆனா இந்தக் கேள்விங்க எல்லாம் இந்த மாதிரி எந்த நாவலைப் படிச்சாலும் வர்ற கேள்விங்க. கதை இதுதான்: மலேசியாவுல பேராக் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட், கல்யாணமாகி ஒரு வருஷமான ஜோடி, ஜப்பான்காரன் காலத்துல புருஷனைச் சயாமுக்குக் கொண்டு போயிடறாங்க, அவன் திரும்பி வர்றான், ஆனா வந்தவன் போனவன் இல்ல. பாதி நாவல் அங்க காட்டுல நடக்குது, மீதி பாதி அவன் வந்த பிறகு லயத்துல, அதாவது எஸ்டேட் தொழிலாளிங்க குடியிருக்கற வரிசை வீட்டுல, நடக்குது. எனக்கு அந்த ரெண்டாவது பாதிதான் தாங்க முடியல.

படிக்க ஆரம்பிச்சதுல இருந்து தூக்கம் வரல, வயித்தைப் புரட்டுது, எனக்கு ஏதாவது பிரச்சனையா?

இல்லம்மா, நீங்க ஒழுங்கா படிக்கிறீங்கன்னுதான் அர்த்தம். தொல்காப்பியத்துல மெய்ப்பாடுன்னு ஒரு இயலே இருக்கு, எட்டு மெய்ப்பாடு சொல்லுது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. மெய்ன்னா உடம்பு. உள்ளுக்குள்ள வர்றது உடம்புல தெரியுறதுதான் மெய்ப்பாடு, அப்போ படிக்கிறப்ப வயிறு புரட்டுறதும் கை சில்லுன்னு ஆகுறதும் நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல, அவ்வளவு காலத்துக்கு முன்னாடியே இலக்கியம் உடம்புல போய் நிக்கும்னு தெரிஞ்சு வச்சிருக்காங்க. அந்த எட்டுல அழுகை, இளிவரல், அச்சம் மூணும் இருக்கு பாருங்க, கஷ்டத்தை எல்லாம் ஒதுக்கிட்டு இன்பமானதை மட்டும் இலக்கியம்னு அவங்க சொல்லல. அழுகைக்கு நாலு காரணமும் சொல்றாங்க, இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமானப்படறது, பறிகொடுக்கறது, நிலைகுலைஞ்சு போறது, இல்லாமை. இந்த நாலுல ஒண்ணாவது இல்லாத ஒரு அத்தியாயத்தை இந்த நாவல்ல காட்டுங்க பார்ப்போம், நான் தேடிட்டேன், இல்ல.

ஆனா ஒண்ணு, ரெண்டு மூணு நாள் தூக்கம் கெடுறது வேற, வாரக்கணக்கா சாப்பிட முடியாம வேலைக்குப் போக முடியாம இருக்கறது வேற. ரெண்டாவது மாதிரி இருந்தா கீழ ஒரு கேள்வி இருக்கு, அதை முதல்ல படிங்க.

நல்ல நாவல்னா படிக்க நல்லா இருக்கணும்ல, இது ஏன் இப்படிப் போட்டு வாட்டுது?

நல்லா எழுதியிருக்கறதாலதான் வாட்டுது. இதை ஒரு பக்கத்தை வச்சே சொல்றேன், ஏன்னா எனக்கே இது மூணாவது தடவை படிக்கிறப்பதான் புரிஞ்சுது.

ரயில் பாதை வேலைக்காரங்க தங்கியிருக்கற காம்ப்ல (முகாம்ல) காலரா வந்திருக்கு, மூங்கில் தட்டி மேல வரிசையா படுத்திருக்காங்க. நம்ம ஆளு பக்கத்துல ஒரு வயசானவரு, அவருகிட்ட ஒரு தகரக் குவளை, இவன்கிட்ட குவளை இல்ல. ஒவ்வொரு தடவை தண்ணி குடிக்கும்போதும் "அண்ணே, குவளை"ன்னு கேட்டுத்தான் எடுக்கறான், அவரு தலையை ஆட்டுறாரு. இது நாலஞ்சு எடத்துல வருது, படிக்கிறப்ப எதுக்கு இதை எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காங்கன்னு கூட தோணும். அப்புறம் ஒரு காலையில, மழை பெய்யுது, அவன் கையை நீட்டி குவளையை எடுத்துத் தண்ணி குடிக்கிறான். கேட்கல. அடுத்த வரியில வேற விஷயத்துக்குப் போயிடுது.

அவ்வளவுதான். பெரியவரு செத்துட்டாருன்னு நாவல் எங்கயுமே சொல்லல. கேட்காம எடுத்தான்னு நமக்கா உறைக்குது பாருங்க, அங்க நாமளே அவரைச் சாகடிச்ச மாதிரி ஆயிடுது. ரத்தம், சீழ், பொணம்னு ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தா நான் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு பக்கத்தைத் திருப்பிட்டுப் போயிருப்பேன். ஒரு தகரக் குவளையை இன்னிக்கும் என்னால சாதாரணமா பார்க்க முடியல.

அப்போ வெறுமனே கொடுமையைக் கொட்டி வச்சிருக்கற நாவலுக்கும் இதுக்கும் வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எனக்கு ஒரு வழி இருக்கு. அடிபடுற ஆளு அடிபடாத நேரத்துல என்னவா இருந்தான்னு நாவலுக்குத் தெரியுமான்னு பார்ப்பேன். இந்த நாவல்ல அந்தப் பொண்ணு ரப்பர் மரத்துல பால் வெட்டுறப்ப எந்தப் பாட்டை முணுமுணுப்பா, கிராணி (எஸ்டேட் கணக்கர்) வீட்டு நாய்க்கு ஏன் பயப்படுவா, கருவாட்டுக் குழம்புல எதைப் போட மாட்டா, எல்லாம் தெரியுது. ஆளை ஆளா காட்டிட்டு அப்புறம் அடிச்சா அது எழுத்து. அடி வாங்கறதுக்குன்னே ஒரு ஆளை உருவாக்கினா, அது எவ்வளவு அழகான தமிழா இருந்தாலும் எனக்கு வேண்டாம், முக்கியமா பொண்ணுங்களைப் பலாத்காரம் பண்ற காட்சியை விலாவாரியா எழுதி வச்சிட்டு உண்மையைத்தானே சொன்னேன்னு சொல்றதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

இந்த மாதிரி நாவலைப் பத்திப் பேசறப்ப ட்ராமான்னு (trauma) சொல்றாங்களே, அது சரியா என்ன? தமிழ்ல என்ன சொல்லலாம்?

கிரேக்க மொழியில அதுக்குக் காயம்னுதான் அர்த்தம். எங்க கூட்டத்துல மன அதிர்ச்சின்னு ஒருத்தர் சொன்னாரு, எனக்கு அது பத்தல, அதிர்ச்சி வந்துட்டுப் போயிடும். நான் வடுன்னு சொல்லுவேன். வள்ளுவரே தீ சுட்டதைப் புண்ணுன்னு சொல்லி அது உள்ளுக்குள்ள ஆறிடும்ங்கறாரு, நாக்கு சுட்டதை வடுன்னு சொல்லி ஆறாதுங்கறாரு. ஆறாத ஒண்ணுக்கு நம்மகிட்ட ஏற்கெனவே சொல்லு இருக்கு.

சம்பவம் முடிஞ்சு போன பிறகும் அது இப்போ நடக்கற மாதிரியே உடம்பு நடந்துக்கறதுதான் விஷயம். கனவு, திடுக்கிடறது, சின்ன சத்தத்துக்கு எகிறி விழறது, ஒண்ணுமே உணராம மரத்துப் போறது. இதுக்கு ஒரு நோய்ப் பேரு கொடுத்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்னோட கையேட்டுல சேர்த்தது 1980ல. சயாம்ல இருந்து 1945ல திரும்பி வந்தவங்களுக்கு அது 35 வருஷம் கழிச்சு வந்த பேரு. அதுவரைக்கும் லயத்துல அதுக்குப் பேரு காத்து கருப்பு, பயந்த கோளாறு, இல்லன்னா குடிகாரன். நாவல்ல திரும்பி வந்தவன் ராத்திரி மழை பெய்ஞ்சா எழுந்து போயி வாசல்ல குத்த வச்சு உட்கார்ந்துக்கறான், பொண்டாட்டி மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறா. அவளுக்குத் தெரிஞ்ச மருந்து அதுதான், பாவம்.

நாவல்ல வர்றது எல்லாம் நிஜமா நடந்ததா?

ஆளுங்க கற்பனை, ரயில் பாதை நிஜம். நம்ம பிள்ளைங்க நிறைய பேருக்குத் தெரியாததால கொஞ்சம் விரிவா சொல்றேன். ஜப்பான்காரன் 1941 டிசம்பர்ல கோத்தா பாருவுல இறங்கினான், ரெண்டு மூணு மாசத்துல மலாயாவும் சிங்கப்பூரும் அவன் கையில. வெளிநாட்டுக்கு ரப்பர் போறது நின்னு போச்சு, எஸ்டேட்டுல வேலை இல்ல, அரிசி இல்ல, மரவள்ளிக்கிழங்கைத் தின்னு ஓட்டினாங்க, ஜப்பான்காரன் அடிச்ச வாழைமரம் போட்ட நோட்டைக் கட்டுக்கட்டா வச்சிருந்தாலும் ஒண்ணும் வாங்க முடியல. பர்மாவுல இருந்த தன்னோட படைக்குச் சாமான் அனுப்ப அவனுக்குப் பாதை வேணும், கடல் வழி ஆபத்தா இருந்துச்சு. சயாம்ல இருந்து பர்மாவுல தன்பியூசயாத் வரைக்கும் 415 கிலோமீட்டர் காட்டு வழியா தண்டவாளம். 1942 நடுவுல ஆரம்பிச்சு 1943 அக்டோபர் 17ல ரெண்டு பக்கத்து தண்டவாளத்தையும் ஒண்ணா சேர்த்துட்டாங்க, அவ்வளவு வேகம், அந்த வேகத்துக்குத்தான் அவ்வளவு சாவு.

போர்க்கைதிங்க 60,000 பேருக்கு மேல வேலை செஞ்சு 12,000 பேருக்கு மேல செத்தாங்க. நம்ம ஆளுங்க, மலாய்க்காரங்க, பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்கன்னு ஆசியத் தொழிலாளிங்க அவங்களை விட ரொம்ப அதிகம், செத்தவங்களும் அதிகம், 90,000 பக்கம்னு வரலாற்று ஆசிரியருங்க நிறைய பேரு சொல்றாங்க. கணக்கு ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது, ஏன்னா நம்ம ஆளுங்களை எண்ணி எழுதி வைக்கணும்னு யாருக்கும் தோணல. தாய்லாந்துல காஞ்சனபுரியில போர்க்கைதிங்க கல்லறை இருக்கு, வரிசையா கல்லு, கல்லுல பேரு, வயசு, படைப்பிரிவு. நம்ம ஆளுங்களுக்கு அந்த மாதிரி பேரு போட்ட கல்லு வரிசை கிடையாது.

சும்மா படம் காட்டறோம்னு கூப்பிட்டு உட்கார வச்சு கதவைச் சாத்தி லாரியில ஏத்தினாங்கன்னு நாவல்ல வருதே, அதுவும் அந்தக் காலத்து ஆளுங்க வாய்மொழியா சொன்னதுதான். மூணு மாச வேலைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனதும் அப்படித்தான்.

பாதியில நிறுத்திட்டா தப்பா? எழுதினவரையும் செத்தவங்களையும் அவமதிச்ச மாதிரி இருக்கு.

தப்பே இல்ல. நான் 11வது அத்தியாயத்துல மூடி வச்சு நாலு மாசம் தொடவே இல்ல, அலமாரியில முதுகு தெரியாம திருப்பி வச்சிருந்தேன். அப்புறமா எடுத்தேன். எடுக்காமலே போயிருந்தாலும் படிச்ச 10 அத்தியாயம் படிச்சதுதான். எங்க குழுவுல ஒரு அண்ணன் கடைசி வரைக்கும் எடுக்கல, ஆனா அவர்தான் கூட்டத்துல ரொம்ப நல்ல கேள்வி கேட்டவரு.

எங்க, எந்த நேரத்துல படிக்கிறது?

எல்ஆர்டி ரயில்ல மட்டும் வேண்டாம். நான் அந்தக் குவளைப் பக்கத்தைக் கேஎல் செண்ட்ரல்ல ஏறினப்புறம் படிச்சேன், டாங் வாங்கியில இறங்க வேண்டியவ, தலையை நிமிர்த்திப் பார்த்தா செத்தியாவங்சா. பக்கத்துல உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மா ஒண்ணும் கேட்காம டிஷ்யூ பாக்கெட்டை மடியில வச்சிட்டு இறங்கிப் போனாங்க, அவங்க நல்லா இருக்கணும்.

படுக்கப் போறப்பவும் வேண்டாம். பகல்ல, வெளிச்சத்துல, வீட்டுல யாராவது இருக்கறப்ப, ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம். எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா நாம குளிச்சிட்டுத்தானே வீட்டுக்குள்ள வருவோம், நான் இந்த நாவலுக்கும் அப்படித்தான் செஞ்சேன், அத்தியாயம் முடிஞ்சா நேரா போயி தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து ஒரு தே ஓ (பால் இல்லாத டீ) போட்டுக் குடிச்சேன். சிலருக்கு நடந்தா சரியாகுது, கண்ணுக்குத் தெரியுற அஞ்சு பொருளோட பேரை வாய்விட்டுச் சொன்னா சிலருக்கு நெஞ்சு படபடப்பு அடங்குது. மனசு அந்தக் காட்டுல இருக்கு, உடம்பு இங்க இருக்குன்னு அதுக்கு ஞாபகப்படுத்தணும், அதான் விஷயம்.

எனக்கே சின்ன வயசுல கொடுமை நடந்திருக்கு. நான் இதைப் படிக்கலாமா?

இதுக்கு ஆமா இல்லைன்னு வெளியில இருந்து யாரும் சொல்ல முடியாது. சிலருக்குத் தன் கதையை வேற ஒருத்தர் வாயில கேட்கறப்ப ஒரு பெரிய விடுதலை கிடைக்குது, நான் கண்ணால பார்த்திருக்கேன். சிலருக்கு அது பழைய கதவைத் திறந்து விட்டுடுது, அப்புறம் மூட முடியல. படிக்கணும்னு ஆசை இருந்தா முன்னாடியே படிச்ச ஒருத்தர்கிட்ட எந்த அத்தியாயத்துல என்ன வருதுன்னு கேட்டுக்குங்க, கதை தெரிஞ்சு போயிடுமேன்னு கவலைப்படாதீங்க, நல்ல நாவல் அதனால கெட்டுப் போகாது. இந்த நாவல்ல 8வது அத்தியாயத்தையும் 14வது அத்தியாயத்தையும் தாண்டிட்டுப் படிச்சாலும் கதை புரியும், எங்க குழுவுல ஒரு தங்கச்சி அப்படித்தான் படிச்சா.

பழைய நினைப்பு விடாம வந்துக்கிட்டே இருந்தா, செத்துடலாம்னு தோணினா, புத்தகத்தை ஓரமா வச்சிட்டுப் பேசுங்க. மலேசியாவுல இருக்கறவங்கன்னா, மனசு விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் கேஎல் (Befrienders KL) 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, நீங்க யாருன்னு சொல்ல வேண்டியதில்ல. சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555. அரசாங்க கிளினிக்குல போயி சொன்னாலும் மனநல டாக்டரைப் பார்க்கக் கடிதம் எழுதிக் கொடுப்பாங்க. வெக்கப்பட இதுல ஒண்ணுமே இல்ல.

பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாமா?

இடைநிலைப்பள்ளியில பெரிய ஃபாரம் (வகுப்பு) வந்தவங்கன்னா கொடுக்கலாம், ஆனா நீங்க முதல்ல படிச்சிட்டுக் கொடுங்க, கூட உட்காருங்க. சின்னப் பிள்ளைங்களுக்குக் கதையா வாய்ல சொல்லுங்க, போதும்.

தனியா படிக்கிறதை விடக் குழுவா படிக்கிறது நல்லதுன்னு ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்றீங்க?

நம்ம சனம் எந்தச் சாவுக்கும் தனியா உட்கார்ந்து அழுததில்ல. எஸ்டேட்டுல எழவு விழுந்தா லயமே வந்து நிக்கும், பொம்பளைங்க வட்டமா உட்கார்ந்து ஒருத்தர் தோளை ஒருத்தர் கட்டிக்கிட்டு ஒப்பாரி வைப்பாங்க, ஒருத்தி நிறுத்தினா இன்னொருத்தி எடுப்பா, யாரு மூச்சு வாங்கிக்கணுமோ அவங்க வாங்கிக்கலாம். சயாம்ல செத்தவங்களுக்கு அதுதான் நடக்கல. பொணம் வரல, தேதி தெரியாது, 16ஆம் நாள் எதுல இருந்து எண்ணுறது? கருமாதி ஆகாத சாவு எத்தனை ஆயிரம் வீட்டுல இருக்கு யோசிச்சுப் பாருங்க. அப்படிப்பட்ட ஒரு நாவலைத் தனியா ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு, இயர்போனையும் மாட்டிக்கிட்டு படிச்சா நெஞ்சு எப்படித் தாங்கும். எங்க கூட்டத்துல ஒருத்தர் ஒரு பக்கம் வாசிப்பாங்க, குரல் உடைஞ்சா பக்கத்துல இருக்கறவங்க புத்தகத்தை வாங்கி விட்ட வரியில இருந்து படிப்பாங்க. யாரும் அதை ஏற்பாடு பண்ணல, முதல் நாளே தானா அப்படி ஆயிடுச்சு.

பினாங்குல இருந்து ரெண்டு பேர் ஃபோன்லயே சேர்ந்துக்கறாங்க. ஆளு கிடைக்கலன்னா ஒரே ஒருத்தர் போதும், படிச்சிட்டியா, எங்க இருக்கன்னு கேட்க.

இந்த மாதிரி புத்தகத்தை வீட்டுல வைக்காதேன்னு அம்மா திட்டறாங்க. என்ன செய்யறது?

எங்க அம்மாவும் இதேதான் சொன்னாங்க. சாமி மேடை இருக்கற ஹால்ல வைக்காத, சாவு புத்தகம்னு.

என் பாட்டியோட அண்ணன் சயாமுக்குப் போனவரு. தீபாவளிக்கு முதல் நாள் படையல் போடறப்ப பாட்டி ஒரு இலையைக் கொஞ்சம் தள்ளி, வாசல் பக்கமா போடுவாங்க. மத்த இலைக்கு எல்லாம் செத்தவங்களோட படம் இருக்கும், அந்த இலைக்கு இருக்காது. அதுல அவிச்ச மரவள்ளிக்கிழங்கு ஒரு துண்டும் ஒரு சுருட்டும் மட்டும் வைப்பாங்க. யாருக்கு பாட்டின்னு கேட்டா, "அவன் சயாமுக்குப் போயிட்டான்"னு சொல்லுவாங்க, வந்துடுவான்ங்கற மாதிரி. அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. பாட்டி போன பிறகு அம்மாவும் அந்த இலையை விடாம போட்டுக்கிட்டு வர்றாங்க, அவங்களும் ஒண்ணும் சொன்னதில்ல.

அதனால நான் அம்மாகிட்ட வாதாடல. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவங்க கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க, பக்கத்துல தரையில உட்கார்ந்து, லாரியில ஏத்துற எடத்துல இருந்து மூணு பக்கம் வாசிச்சேன். நிறுத்தச் சொல்லுவாங்கன்னு நினைச்சேன், சொல்லல. கீரையை ஆயுற கை மட்டும் நின்னு போச்சு. மூணாவது பக்கம் முடிஞ்சதும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, பாட்டியோட அண்ணன் பேரைச் சொன்னாங்க. எனக்கு 52 வயசு, அன்னிக்குத்தான் அந்தப் பேரை நான் முதல் தடவையா கேட்டேன். இன்னொரு தடவை சொல்லுங்கம்மான்னு கேட்டு, புத்தகத்தோட உள் அட்டையில எழுதி வச்சேன்.

புத்தகம் இப்போ ஹால்லதான் இருக்கு.